சுலோசனா போனாளா

"இப்ப இன்னா புக்குக்கா ஓடுது?"

காலையில் கத்தியைக் கையில் எடுத்ததும் ரத்தினம்மா கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதில் வராமல் ஒரு பழத்தைக்கூடத் தொடமாட்டாள். சித்தூரில் வேலூர் ரோட்டின் கடைசியில், வீடுகள் முடிந்து மாந்தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில் அந்த மாம்பழக்கூழ் கம்பெனி இருந்தது. வைகாசியிலிருந்து ஆடி வரைக்கும்தான் அதற்கு உயிர். தோல் சீவுகிற கொட்டகையில் பெண்கள் நாலு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வரிசைகளில் பேச்சென்றால் மாமியார் வழக்கும் ரேஷன் சீமெண்ணெயும்தான். நாலாவது வரிசையில் மட்டும் புத்தகம். அதற்குக் காரணம் லோயிஸ்.

லோயிஸ் மிஷன் காம்பவுண்டுக்காரி. அங்கேயே போர்டிங்கில் எட்டாவது வரைக்கும் தமிழில் படித்தவள். வரிசையில் இருந்த மற்றவர்களுக்கு வீட்டில் பேச்சு தமிழ். பள்ளிக்கூடம் போனவர்களுக்கு எழுத்து தெலுங்கு, போகாதவர்களுக்கு எந்த எழுத்தும் இல்லை. தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ரத்தினம்மா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அளகாத்தான் கீது" என்பாள். ஆனால் கதை என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

லோயிஸுடைய சபையில் பெண்கள் சங்கம் என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூடுவார்கள். ஜெபத்துக்குப் பிறகு ஒவ்வொருத்தியும் எழுந்து, தான் இப்போது என்ன புத்தகம் வாசிக்கிறாள், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். எந்தக் காலத்துத் துரைசானி ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. துரைசானி கப்பலேறிப் போயும் வழக்கம் போகவில்லை. புத்தகம் நல்ல புத்தகமாக இருக்கவேண்டும், தொடர்கதை கூடாது. லோயிஸ் ஒரு மிஷனரியின் சரித்திரத்தை வாசிப்பதாக நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சரித்திரத்துக்கு நடுவில் வைத்து அவள் வாசிப்பது வாரப் பத்திரிகை என்பது கர்த்தருக்கும், அவள் புருஷன் ஞானசிங்குக்கும், பஸ் ஸ்டாண்டில் புத்தகக் கடை வைத்திருக்கும் இயேசுதாசனுக்கும் மட்டும்தான் தெரியும். மூன்று பேருமே வெளியில் சொல்லாதவர்கள்.

சங்கத்து வழக்கத்தைத்தான் அவள் கம்பெனிக்கும் கொண்டுவந்தாள். முதல் சீசனில், பொழுது போகாமல், "நான் இப்ப ஒரு கதை படிச்சிகினு கீறேன்" என்று பக்கத்திலிருந்தவளிடம் ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் வரிசை முழுக்க அவள் பக்கம் காது சாய்ந்துவிட்டது. கதை சொல்லும்போது கை மெதுவாகத்தான் போகும், கூலியோ குண்டான் கணக்கு. அதனால் ஒவ்வொருத்தியும் தான் சீவுகிறதில் இரண்டு பழத்தை லோயிஸின் குண்டானில் போடுவாள். கதைப்பழம் என்று அதற்குப் பெயர். யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. கதை இல்லாத நாளில் கதைப்பழமும் இல்லை. அதில் ஒருத்தருக்கும் வருத்தமும் இல்லை.

இந்த விஷயத்தில் லோயிஸ் நாணயக்காரி. சங்கத்தில் எப்படியோ, கம்பெனியில் புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தையை அவள் சேர்த்ததில்லை. "போட்டுகீது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். நடுவில் மணியம்மா சந்தேகப்பட்டு, "அப்பிடியேவா போட்டுகீது?" என்று கேட்டால், "அப்பிடியேதான். நானா எதுக்குச் சொல்லப்போறேன்?" என்பாள். அச்சில் வந்தது எல்லாம் எங்கோ நடந்தது என்பது அந்த வரிசையின் நம்பிக்கை. மெட்ராஸில் சுலோசனா என்று ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு நடப்பதை யாரோ கேட்டு எழுதி வாராவாரம் வேலூர் பஸ்ஸில் அனுப்புகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். லோயிஸ் அதைத் திருத்தவில்லை. திருத்தியிருக்கலாம். அவர்கள் அப்படி நம்பிக் கேட்பது அவளுக்கும் பிடித்திருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷத்துச் சீசன் முழுக்க சுலோசனாதான் ஓடினாள். புருஷன் ராஜசேகரன் பெரிய உத்தியோகஸ்தன், கை நீட்டுகிறவன். அடி பொறுக்காமல் சுலோசனா புறப்பட்டுப் போய் ஒரு ஹாஸ்டலில் தங்கி டைப் அடிக்கிற வேலை பார்க்கிறாள். நாத்தனார்க்காரி வந்து, அண்ணன் மனசு மாறிவிட்டார், சாப்பிடாமல் கிடக்கிறார், வா என்று கூப்பிடுகிறாள். சுலோசனா பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறாள். ஒரு பஸ் புருஷன் வீட்டுக்குப் போகிறது, இன்னொன்று திரும்ப ஹாஸ்டலுக்கு. போன வாரம் அதோடு தொடரும் போட்டுவிட்டான்.

"போவாம இன்னா பண்ணுவா? பொம்பள எத்தினி நாளு தனியாக் கீறது?" என்றாள் ரத்தினம்மா.

"நீ போயி இரு அந்த ராஜசேகரன்கூட," என்றாள் மணியம்மா. "நாலு நாளு சும்மா இருப்பான், அஞ்சாம் நாளு கை அரிக்கும். எனக்குத் தெரியாதா?"

வரிசை இரண்டாகப் பிரிந்து வாரம் முழுக்கச் சண்டை போட்டது. பொன்னியம்மா ஒருத்திதான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தலை நிமிராமல் சீவிக்கொண்டே இருந்தாள்.

பொன்னியம்மா லோயிஸ் வீட்டில் இருந்தாள். மாசியில் புளி மண்டியில் கொட்டை எடுக்கப் போனபோது லோயிஸ் அவளைப் பார்த்தாள். வேலை முடிந்து எல்லாரும் போன பிறகும் சாக்குகளுக்கு நடுவில் சுருண்டு படுத்திருந்தாள். ஊர் குப்பம் பக்கம். புருஷன் கல் குவாரியில் வேலை. அவன் உதைத்ததில் முந்தின வருஷம் ஐந்து மாதத்துக் கரு கலைந்து போயிற்று. தையில் ஒருநாள் கொள்ளிக்கட்டையால் முதுகில் இழுத்துவிட்டான். அன்றைக்குக் கட்டின புடவையோடு பஸ் ஏறியவள், மறுபடியும் வயிற்றில் ஒன்று இருப்பது தெரியாமலே சித்தூருக்கு வந்துசேர்ந்தாள். லோயிஸ் அழைத்துவந்து பின்னறையில் படுக்கவைத்து, ஒரு மாதம் அந்த முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். இப்போது ஆறு மாத வயிறு. குத்துக்காலிட முடியாது என்று பொன்னியம்மாவுக்கு மட்டும் லோயிஸ் ஒரு பலகை எடுத்துப்போவாள்.

ஆனி பிறந்து பத்து நாள். நீவா ஆற்றில் மணல்தான் இருந்தது, வானத்தில் மேகம் வருவதும் போவதுமாக இருந்தது, வெக்கை மட்டும் போகவில்லை. பெங்களூரா பழம் லாரி லாரியாக வந்து இறங்கியது. மாம்பால் பட்டு லோயிஸின் வலது கை விரலிடுக்கு வெந்து தோல் உரிந்திருந்தது. விளக்கெண்ணெய் தடவியும் எரிச்சல் அடங்கவில்லை. அந்த வியாழக்கிழமை மேஸ்திரி துலுக்காணம் வரிசை வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"கை ஓடாதவங்கள நிறுத்தச் சொல்லி ஆர்டரு வந்துகீது. நாளிக்கு நான் பார்ப்பேன். அப்பறம் என்னியத் திட்டக் கூடாது."

அன்று சாயங்காலம் லோயிஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது இயேசுதாசன் கையை விரித்தான்.

"புக்கு வரலம்மா. பார்டர்ல இன்னாவோ தகராறாம், வேலூர் பஸ்ஸே வரல. எப்ப வரும்னு கேக்காத, எனக்குத் தெரியாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கத்தி பிடிக்கவே லோயிஸுக்கு உயிர் போயிற்று. துலுக்காணம் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு குண்டான்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, போனாளா?" என்று ரத்தினம்மா கேட்டாள். வரிசை முழுக்க நிமிர்ந்து பார்த்தது. பொன்னியம்மாவும்தான்.

புத்தகம் வரவில்லை என்று சொல்லவேண்டியதுதானே? சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தன் குண்டானைப் பார்த்தாள், அடியில் நாலே நாலு பழம் கிடந்தது. எரிகிற விரலைப் பார்த்தாள். வாசலில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தாள்.

"போட்டுகீது," என்றாள்.

அவ்வளவுதான், கதைப்பழம் விழ ஆரம்பித்தது. சுலோசனாவைப் புருஷன் வீட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டது ஏன் என்று லோயிஸுக்கே பிறகு யோசித்தும் விளங்கவில்லை. ஹாஸ்டலுக்குத் திருப்பி அனுப்பினால் வரிசை சோர்ந்துபோகும் என்று பட்டது. சந்தோஷமாக ஒன்று சொல்லவேண்டும் என்று தோன்றியது. ராஜசேகரன் தாடியும் கண்ணீருமாகத் தெருமுனைக்கே ஓடிவந்தான். இந்தக் கை இனிமேல் உன்மேல் பட்டால் அழுகிப்போகட்டும் என்று சாமி படத்தின்மேல் சத்தியம் செய்தான். அவனே சோறாக்கிப் போட்டான். ரத்தினம்மா மூக்கைச் சிந்தினாள். மணியம்மாகூட, "சரி, திருந்திட்டான்னா நல்லதுதானே" என்று கட்சி மாறிவிட்டாள். லோயிஸின் குண்டான் நிரம்பித் தளும்பியது. இத்தனை நன்றாக ஒரு கதையை அவள் சொன்னதே இல்லை. வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அன்று களிக்கு வேர்க்கடலைத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள் லோயிஸ். பொன்னியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

"அக்கா, நான் திங்கக்கெழம ஊருக்குப் போறேன்."

லோயிஸின் கை அம்மியிலேயே நின்றுவிட்டது. "எந்த ஊருக்கு?"

"எங்க ஊட்டுக்குத்தான். போன வாரம் அந்தாளு ஆள் அனுப்பிச்சிருந்தான்கா. கல்லு லாரி டிரைவர் ஒருத்தர் கம்பெனி கேட்டுலயே வந்து சொன்னாரு. மனசு மாறிட்டானாம், துன்னாம கெடக்கிறானாம். வந்துட்டா கை நீட்டமாட்டானாம்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"இன்னா சொல்றதுன்னு தெரியலக்கா. போலாமா வேணாமான்னு ஒரே ரோசன. அப்பறந்தான், சுலோசனாவுக்கும் இதே மாதிரி ஆள் வந்துச்சே, அவ படிச்சவ, அவ இன்னா பண்றான்னு பார்ப்போம்னு இருந்தேன்." பொன்னியம்மா சிரித்தாள். "அவ போயிட்டா. நல்லாக் கீறா. பொறக்கப் போறதுக்கு ஒரு நைனா வேணும் இல்லக்கா?"

 லோயிஸ் அந்த நிமிஷமே, அது தான் கட்டிய கதை என்று சொல்லியிருக்கவேண்டும். நூறு தடவை பின்னால் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் பொன்னியம்மா அன்றைக்குத்தான், வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, இரண்டாவது உருண்டைக் களியைக் கேட்டு வாங்கித் தின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே, உன்னை நான் ஏமாற்றினேன் என்று எப்படிச் சொல்வது? காலையில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் வேலை. கம்பெனியில் சொன்னால் வரிசைக்கே தெரிந்துவிடும். அப்புறம் மூன்று சீசனாகச் சொன்ன எந்தக் கதையை அவர்கள் நம்புவார்கள்? கதைப்பழம் இல்லாமல் இந்தக் கையை வைத்துக்கொண்டு அங்கே எத்தனை நாள் ஓட்டமுடியும்?

சனிக்கிழமை சாயங்காலம் ஞானசிங் திருப்பதியிலிருந்து வந்தான். அங்கே ஒரு லாட்ஜில் ரூம்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் பொன்னியம்மாவே விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லது. ஆண்டவர் வழி காட்டுவாரு," என்றான் அவன்.

பொன்னியம்மா உள்ளே போனதும் லோயிஸ் மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அந்தாளு திருந்தியிருப்பான்னு நெனைக்கிறீங்களா?"

"எனக்கு எப்பிடி லோயிசு தெரியும்? நீதானே அவ முதுகப் பார்த்தே."

"ஒருத்தர் சொன்ன பொய்யினால அவ போறான்னா?"

"யார் சொன்னது?"

லோயிஸ் ரசத்தை ஊற்றினாள். ஞானசிங் நல்லவன், கோபப்படமாட்டான், ஆனால் ஒரு நிமிஷம் அவளையே பார்ப்பான். அந்தப் பார்வையைத் தாங்க அவளுக்குத் திராணி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கத்தில், அதன் தலைவி எலிசபெத் அம்மாள் எல்லாரையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். "லோயிஸ், நீங்க இப்ப என்ன வாசிக்கிறீங்க?"

லோயிஸ் எழுந்தாள். வழக்கமாக நாக்கு தானாகவே சொல்லிவிடும். அன்றைக்கு வரவில்லை.  முப்பது முகங்கள் அவளையே பார்த்தன.

"இந்த வாரம் ஒண்ணும் வாசிக்கலம்மா," என்றாள்.

"உடம்பு சரியில்லையா?"

"ஆமாம்மா." உட்கார்ந்துவிட்டாள்.  பக்கத்தில் இருந்தவள் கையைத் தொட்டுப்பார்த்து, சுரமெல்லாம் இல்லையே என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது பொன்னியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். லோயிஸ் கொடுத்த இரண்டு புடவை, ஒரு போர்வை, பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்த துணிகள். எல்லாம் ஒரு வயர் பையில் அடங்கிவிட்டது. லோயிஸ் பக்கத்தில் போய் நின்றாள்.

"பொன்னி."

"இன்னாக்கா?"

"இந்தத் துணிய மேல வை. கசங்கிடும்."

திங்கட்கிழமை ஏழரை மணிக்குக் குப்பம் பஸ். ஞானசிங் முதல் பஸ்ஸிலேயே திருப்பதிக்குப் போய்விட்டான். பையை லோயிஸ்தான் வாங்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் பொன்னியம்மாவால் வேகமாக நடக்க முடியவில்லை. வழியெல்லாம் லோயிஸ் ஒவ்வொரு விளக்குக் கம்பமாகக் கணக்கு வைத்தாள். அடுத்த கம்பம் வரட்டும், சொல்லிவிடலாம். அது வந்தது. அதற்கடுத்தது வரட்டும். காந்தி சிலை வந்தது. மார்க்கெட் வந்தது. பொன்னியம்மா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றவேண்டும், கோழி வாங்கி விடவேண்டும், பிள்ளைக்குப் பேர் வைக்க லோயிஸ் வரவேண்டும்.

"ராஜசேகரன் மாதிரி அந்தாளும் சோறாக்கிப் போடுவானாக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் லோயிஸ் உடைந்துபோனாள். குப்பம் பஸ் வந்து நின்று, கண்டக்டர் "குப்பம், குப்பம், எக்கண்டி எக்கண்டி" என்று ஏறச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். பொன்னியம்மா படியில் கை வைத்துவிட்டாள். லோயிஸ் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தக் கத பொய்யிடி."

"எந்தக் கத?"

"வெள்ளிக்கெழம சொன்னது. புக்கு வரல. பஸ்ஸே வரல. நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்டி பொன்னி. குண்டான் ரொம்பணும்னு சொன்னேன். நீ அத நம்பிகினு பொறப்படுவேன்னு எனக்குத் தெரியாது. ஆண்டவர் சாட்சியாத் தெரியாது."

பொன்னியம்மா படியிலிருந்து கையை எடுத்தாள். கோபம் வரும், திட்டுவாள் என்று லோயிஸ் காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. வேறு ஏதோ ஒன்றைத்தான் யோசித்தாள்.

"அப்ப சுலோசனா இன்னும் பஸ் ஸ்டாண்டுலயேதான் நின்னுகினு கீறாளா?"

லோயிஸுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆமாம்டி. இன்னும் அங்கியேதான் நிக்கிறா."

"சாமி படத்து மேல சத்தியம் பண்ணது?"

"இல்ல."

"சோறாக்கினது?"

"அதுவும் இல்ல."

பொன்னியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதுதான் எதிர்ப்பக்கம் வேலூர் பஸ் புழுதியோடு வந்து திரும்பியது. நாலு நாளைக்குப் பிறகு வருகிற முதல் பஸ். கூரைமேலிருந்து மூட்டைகளோடு ஒரு காகிதக் கட்டும் இறங்கியது. இயேசுதாசன் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்தான்.

"புக்கு வந்துடுச்சி," என்றாள் பொன்னியம்மா. "படிக்கா. இப்பவே படி. உள்ளது உள்ளபடி படி. நானா சேர்த்தேன்னு நாளிக்கு வந்து சொல்லாத."

"சேர்க்கமாட்டேன்."

"கண்டக்டர் நைனா, ரெண்டு நிமிசம்," என்று பொன்னியம்மா அங்கிருந்தே கேட்டாள். "ரெண்டு நிமிஷமா? ஜல்தி ரா தல்லி," என்றான் அவன், வயிற்றைப் பார்த்துவிட்டு.

லோயிஸ் ஓடிப்போய் வாங்கிவந்தாள். பக்கம் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலை எச்சில் தொட்டுப் பிரித்தாள். நின்றபடியே கண்ணை ஓட்டினாள்.

சுலோசனா புருஷன் வீட்டு பஸ்ஸில்தான் ஏறினாள்.

லோயிஸ் மறுபடியும் முதல் வரியிலிருந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. அவள் கட்டிய கதையிலாவது ராஜசேகரன்தான் அழுதான். அச்சில் அப்படி இல்லை. ராஜசேகரன் வாசற்படியில் நிமிர்ந்து நிற்கிறான், சுலோசனா அவன் காலில் விழுந்து, உங்களை விட்டுப் போனது என் குற்றம், மன்னித்துவிடுங்கள் என்கிறாள். அவன் மன்னிக்கிறான். கண்கண்ட தெய்வம், பெண்மை என்று என்னென்னவோ எழுதியிருந்தது.  எழுதினவன் யாராக இருந்தாலும் அவன் கையில் ஒருநாளும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் இருந்திருக்காது. ஒரு மாதம் பொன்னியம்மாவின் முதுகைத் தொட்டவள் அவள். எந்த இடத்தில் தோல் மூடியது, எந்த இடத்தில் சீழ் வைத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு அவளால் சொல்லமுடியும்.

"இன்னாக்கா போட்டுகீது?"

லோயிஸ் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்திரிகையை உயரத் தூக்கி, சபையில் வேதபாடம் வாசிக்கிற குரலில், வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சுலோசனா பஸ்ஸைப் பார்த்தாள். அவளுடைய கால் முன்னே போகவில்லை. அவர் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். மாறியிருந்தால் அவரே வந்து என்னைத் தேடட்டும், ஆள் அனுப்பவேண்டாம் என்று நினைத்தாள்."

விரல் வரியின் கடைசிக்குப் போனதும் அடுத்த வரிக்குத் திரும்பியது. தொண்டை ஒரு இடத்தில்கூட இடறவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

"எனக்குக் கை இருக்கிறது, வேலை இருக்கிறது, எனக்கென்று ஒரு அக்காவும் இருக்கிறாள். என் பிள்ளை அடி சத்தம் கேட்காத வீட்டில் பிறக்கட்டும். இவ்வாறு தீர்மானித்து சுலோசனா பெட்டியை எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். தொடரும்."

பொன்னியம்மா மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். 

"சுலோசனாவுக்கும் வவுத்துல பிள்ள கீதா? நீ சொல்லவே இல்லியே."

"இந்த வாரந்தான் போட்டுகீது," என்றாள் லோயிஸ். 

குப்பம் பஸ்காரன் இஞ்சினை ஸ்டார்ட் செய்தான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, வருகிறாயா இல்லையா என்று தெலுங்கில் கேட்டான். "வஸ்தாவா லேதா அம்மா?"

"அந்த புக்கக் கொஞ்சம் குடுக்கா," என்றாள் பொன்னியம்மா.

"உனக்கு எதுக்குடி? படிக்கவா போற?"

"குடேன்."

கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் லோயிஸுக்குத் தோன்றவில்லை. பொன்னியம்மா அதை மடியில் வைத்து, புரட்டி, அந்தப் பக்கத்திலேயே நிறுத்தினாள். பக்கத்தின் மேல்பாதி முழுக்கப் படம். வாசற்படியில் ஒரு ஆள் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். கீழே ஒருத்தி, தலைமுடி கலைந்து, அவன் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். பக்கத்தில் பெட்டி.

வாசித்த அவசரத்தில் லோயிஸ் அந்தப் படத்தை நினைக்கவே இல்லை. இப்போது பார்த்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பொன்னியம்மாவோ படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலடியில் கிடப்பவளின் முதுகின்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தாள், மை அழிகிறதா என்று பார்க்கிறவள் போல. கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் அசைந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், பெஞ்சை விட்டு எழவில்லை. பஸ் மார்க்கெட் பக்கம் திரும்பி மறைந்தது.

பொன்னியம்மா பத்திரிகையை மூடி லோயிஸின் கையில் கொடுத்தாள்.

"படம் போடறவன் கதயப் படிக்காமயே போட்டுட்டான் போலக்கா," என்றாள். பிறகு வயர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா, மேஸ்திரி கத்துவான்."